மூச்சுக்கு ஒரு சான்றிதழ்

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த ஃபிளாட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது விசிலடித்த பிறகுதான் கை கீழே இறங்கியது. நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று இன்னொரு முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அடுத்த மாதம் நம் வளைகுடாப் பக்கம் சைக்கிள் பந்தயத்துக்கு வருகிறாய். பாலைவனச் சாலையில் ஓட்டப் போகிறாய். இன்ஹேலர் இல்லாமல் ஓட்டப் போகிறாய். “இனிமே எந்த மருந்தும் வேணாம்மா, எந்த எக்ஸெம்ப்ஷனும் கேக்கமாட்டேன். வெறும் மூச்சோட ஓட்டிக் காட்டறேன். அப்புறம் என்ன சொல்வாங்கன்னு பாக்கலாம்” என்றாய். நான் “சரிப்பா, சாப்பிட்டியா” என்று கேட்டேன். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும். நல்லதுதான், மெதுவாகவே படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வசந்தத்தில் உனக்கு அந்தப் பெரிய இளைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, உன் டீம் டாக்டர் அந்தத் தடை மருந்துக்கு மருத்துவ விலக்கு, அதுதான் நீ சொல்கிற எக்ஸெம்ப்ஷன், வாங்கி, நீ சில வாரம் கழித்து ஒரு பந்தயத்தில் ஜெயித்ததும், அந்த விலக்கு விஷயம் எப்படியோ வெளியே வந்துவிட்டது அல்லவா. அந்தச் செய்தியை நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட லேபில் உட்கார்ந்துதான் படித்தேன். செய்திக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்ததையும் ஒன்று விடாமல் படித்தேன். படித்து முடித்ததும் அந்த மாத்திரையின் பெயரைத் தேடினேன், அது உடம்பில் என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்தேன். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அது கஷ்டமில்லை. வலியைக் குறைக்கும், எடையைக் குறைக்கவும் சிலர் எடுத்துக்கொள்வதுண்டு என்று போட்டிருந்தது. ஒரு கணம், தம்பி, பெற்றவளுக்கே ஒரு கணம் மனதில் கேள்வி எழுந்தது. பிறகு நீ ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய அன்று ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் எவ்வளவு சுலபமாக வருகிறது பார். உன்னைத் தெரிந்த எனக்கே வந்ததென்றால், தெரியாதவர்களுக்கு வருவதில் ஆச்சரியம் என்ன. நோயே இல்லாமல் சான்றிதழ் வாங்கியவர்களும் உன் தொழிலில் இருந்திருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்கள் செய்ததற்கு உண்மையாகவே மூச்சு முட்டுகிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா ஏன் சைக்கிளை விட்டார் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். டியூட்டி அதிகமாகிவிட்டது, முழங்கால் வலி என்று ஏதோ சொல்லி வைத்தோம். அது நிஜமில்லை.

தொண்ணூறுகளில் கல்யாணமாகி நான் பஹ்ரைன் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஆங்கிலப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். ஆனால் கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் பால் கேட்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். மலையாளக் கடைக்காரர் “எந்தா வேண்டே?” என்று கேட்டால் விரலால் காட்டிவிட்டு வந்துவிடுவேன். உன் அப்பா கான்ட்ராக்டிங் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். காலையில் கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனால், இருட்டும்வரை இந்த ஈசா டவுன் ஃபிளாட்டில் நானும் ஏசியும்தான். பேச ஆளில்லாதவள் கண்ணால் பார்த்தே பொழுதைக் கழிப்பாள். எதிர்க் கட்டடத்தில் யார் எப்போது துணி உலர்த்துகிறார்கள், எந்த டிரைவர் யார் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்துத்தான் அப்பாவின் ரகசியத்தையும் தெரிந்துகொண்டேன். அவர் பாத்ரூமுக்குள் போனதும் குழாயை முழுதாகத் திறந்துவிடுவார். கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும், பக்கெட் நிரம்பும் சத்தம் மட்டும் கேட்காது. ஒருநாள் துவைக்கப் போனபோது சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அந்த நீல இன்ஹேலர் இருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அந்த ‘புஸ்’ சத்தத்தை மறைத்திருக்கிறார். கட்டிய மனைவியிடமிருந்தே.

கேட்டபோது சொன்னார்: “சின்ன வயசுலேர்ந்து இருக்கு. யாருகிட்டயும் சொல்லிடாத. மெடிக்கல்ல தெரிஞ்சா அன்ஃபிட் போட்டுருவான். கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, அடுத்த பிளைட்தான்.” விசா புதுப்பிக்கும்போது நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள் அல்லவா, அதைத்தான் சொன்னார். அந்த எக்ஸ்ரே எதற்கு, அதில் எதைப் பார்க்கிறார்கள் என்று அப்பாவோடு இருந்தவர்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ரூமுக்கு ரூம் ஒரு கதை உண்டு. ராமநாதபுரத்துக்காரன் ஒருத்தன் இருமினான், அனுப்பிவிட்டார்கள். தஞ்சாவூர்க்காரன் ஒருத்தனுக்குச் சளி, அனுப்பிவிட்டார்கள். அதனால் இங்கே யாரும் கிளினிக்கில் மூச்சைப் பற்றிப் பேசமாட்டார்கள். லீவில் ஊருக்குப் போகிறவரிடம் சொல்லி, முறுக்குப் பொட்டலத்துக்குள் இன்ஹேலரைச் சுருட்டி எடுத்துவரச் செய்வார்கள். நம் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. நானும் படித்தவள் என்று பேர், ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. முறுக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இன்ஹேலரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

அவர் அப்படிப்பட்ட மூச்சை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். உன்னைப் பெற்ற பிறகு விளங்கியது. மூச்சு சரியாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இவர்களுக்கு நடக்கப் பிடிக்காது, பறக்கத்தான் பிடிக்கும். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் பாங்கு முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு கூடுவார்கள். இரண்டு மூன்று வெள்ளைக்கார இன்ஜினியர்கள், ஒரு பாகிஸ்தானி, சில பிலிப்பினோக்கள், நம் ஆட்கள் நாலைந்து பேர். கடலோரம் ஜல்லாக் பக்கம் போய்த் திரும்புவார்கள். ஒரு வயதான இங்கிலீஷ்காரர்தான் அந்த கிளப்புக்குத் தலைவர். அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கிய சைக்கிளில் போய், எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். எப்போதும் அவருக்கு அடுத்து வருகிறவர் கீழ் வீட்டு சேகர் அண்ணன். திருச்சிக்காரர், பேங்க்கில் வேலை, நல்ல வாய். அப்பாவை ‘மாப்ள’ என்பார், என்னை ‘தங்கச்சி’ என்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பல நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு.

நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம் ஐரோப்பாவில் ஒரு பெரிய பந்தயத்தில் டீம்காரர்களின் வண்டியில் ஊக்கமருந்து பிடிபட்டது என்று பேப்பரெல்லாம் அதுவாக இருந்தது. அதுவரை இங்கே யாருக்கும் அந்த நினைப்பே கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பும் இடத்தில் நின்றிருந்த தண்ணீர் லாரிக்குப் பின்னால் அப்பா மறைவாக இன்ஹேலர் அடிப்பதை சேகர் அண்ணன் பார்த்துவிட்டார். அன்று மத்தியானம் நம் வீட்டில் ரசம் சாதம் பிசைந்துகொண்டே கேட்டார்.

“என்ன மாப்ள, வண்டிக்கு பெட்ரோலை லாரிக்குப் பின்னாடிதான் போடுவியோ?”

“என்ன பெட்ரோலு?”

“புஸ்ஸுன்னு ஒண்ணு அடிச்சியே. அதான் பாத்தேன், நாங்க மிதிக்கிறோம், நீ மட்டும் பறக்கிற.”

“அது வாய் நாத்தத்துக்குண்ணே” என்றார் அப்பா.

சேகர் அண்ணன் சிரித்தார். “அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, வாய் மணந்தா கால் ஓடுதான்னு பாப்போம்.” நான் அப்பளம் கொண்டுவந்து வைத்தேன். எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். மறைக்கிறவன் சொல்லும் முதல் பொய்தான் அவனைக் குற்றவாளியாக்குகிறது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவர் “எனக்கு இளைப்பு இருக்கு” என்று சொல்லியிருந்தால் ரசத்தோடு போயிருக்கும். வாய் நாற்றம் என்றதால், அடுத்த வாரத்துக்குள் அது கிளப் முழுக்கப் பரவிவிட்டது.

இங்கிலீஷ்காரர் நல்லவர். அப்பாவைத் தனியாக அழைத்து, மருந்து எதுவானாலும் பரவாயில்லை, ஒரு டாக்டரிடம் லெட்டர் வாங்கிக் கொடுத்துவிடு, நான் வைத்துக்கொள்கிறேன், பிறகு யாரும் பேசமாட்டார்கள் என்றார். துபாயில் ஒரு பந்தயம் வர இருந்தது. இங்கே முதலில் வருகிறவரை அங்கே அனுப்புவதாக ஏற்பாடு. அப்பா அந்த துபாய்ப் பந்தயத்தைப் பற்றி என்னிடம் பேசியதெல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. சாப்பிடும்போது தட்டில் பருப்பால் அந்தச் சாலையின் வளைவைப் போட்டுக் காட்டுவார். ஆனால் லெட்டர் என்றால் டாக்டர், டாக்டர் என்றால் கம்பெனி கிளினிக், கிளினிக் என்றால் ஃபைல், ஃபைல் என்றால் விசா. அவர் மனதில் அது ஒரே சங்கிலி. “லெட்டர் மாஃபி, கெடையாது” என்றார் என்னிடம். “மருந்தே அடிக்காம ஓட்டிக் காட்டறேன். எல்லாரு முன்னாடியும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கையை ஹேண்டில்லயே வச்சு ஓட்டறேன். அப்ப என்ன சொல்வானுங்க?”

நீ நேற்று போனில் சொன்னபோது சாப்பிட்டியா என்று மட்டும் நான் ஏன் கேட்டேன் என்று இப்போது புரிகிறதா.

துபாய்க்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பந்தயம் நடந்த அந்த வெள்ளிக்கிழமை நானும் போனேன். பந்தயம் பார்க்கப் பெண்கள் வருவதில்லை. நீ என் இடுப்பில் இருந்தாய், இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை. அப்பா இன்ஹேலரை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது நான் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, உன் பால்பாட்டிலுக்கு அடியில் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று காற்றில் தூசு. கடலும் தெரியவில்லை, தூரத்துக் கம்பங்களும் தெரியவில்லை. ஆண்கள் எல்லாம் ரோட்டின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் சேகர் அண்ணன் வந்தார். பிறகு பாகிஸ்தானி. பிறகு வரிசையாக எல்லாரும். அப்பா கடைசிக்கு முந்தி வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இறங்கக்கூட முடியவில்லை, சைக்கிளோடு சாய்ந்தார். யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். என் கை பைக்குள் போவதையும் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த நிலையிலும் ஆட்டினார், தம்பி. நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவர் சொன்னதற்காக நின்றேனா, அத்தனை ஆண்கள் நடுவே போகக் கூச்சப்பட்டு நின்றேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீதான் தீர்த்துவைத்தாய். அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தாய். நான் ரோட்டைக் கடந்தேன். “நகருங்க” என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் வாயைப் பிடித்து இன்ஹேலரை வைத்து அழுத்தினேன், எல்லார் கண் முன்னாலும்.

இனி எழுதப்போவது அப்பாவுக்குத் தெரியாது. கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை. நான் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற சேகர் அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “ஆக்டிங் எப்படி? சீன்ல பொண்டாட்டி புள்ளைய வேற எறக்கிட்டான்.” ஒருவர் சிரித்தார். மூச்சு முட்டுகிறவனுக்குக் காது அடைத்துக்கொள்ளும், உனக்குத் தெரியும். அதனால் அப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. மருந்து அடித்து ஜெயித்தால் திருட்டு என்றார்கள். மருந்தில்லாமல் தோற்று, சாகக் கிடந்தால் நடிப்பு என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் நிற்பதற்கு ஓர் இடத்தையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை.

அப்பாவின் உதடு நீலமாகிவிட்டதைப் பார்த்த பிறகு, அதே சேகர் அண்ணன்தான் ஓடிப் போய்க் காரைக் கொண்டுவந்தார். அவர் கெட்டவர் இல்லை. “ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டரம்மா. ஆக்ஸிஜன் வைத்து, அப்பா தூங்கிய பிறகு, நான் கூச்சத்தை விட்டு ஆங்கிலத்தில் கேட்டேன், இது தெரிந்தால் விசாவில் அன்ஃபிட் ஆக்கிவிடுவார்களா என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆஸ்துமாவுக்கா? யார் சொன்னது? அந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது டி.பி. இதற்காக யாரையும் ஊருக்கு அனுப்புவதில்லை” என்றார். இவ்வளவுதான். இத்தனை வருஷக் குழாய்ச் சத்தம், முறுக்குப் பொட்டலம் எல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்காததால்.

லெட்டர் கிடைத்தது. இங்கிலீஷ்காரர் ஒரு பை ஆரஞ்சோடு வீட்டுக்கு வந்து, அதை வாங்கிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். விதிப்படி எல்லாம் சரியாகிவிட்டது. அப்பா உடம்பு தேறியதும் மறுபடி ஓட்டப் போனார், மறுபடி முதலில் வந்தார். “லெட்டர் வருது, வழி விடுங்கப்பா” என்று ஒருவர் கத்தினாராம். எல்லாரும் சிரித்தார்களாம். கேலிதான், பகை ஒன்றுமில்லை. அப்பா வீட்டுக்கு வந்து சைக்கிளைப் பால்கனியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். அதன்பிறகு எடுக்கவே இல்லை. என்னோடும் கொஞ்ச காலம் சரியாகப் பேசவில்லை. நான் ரோட்டைக் கடந்ததற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற மனிதரோடு ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதைவிடப் பெரிய தனிமையை நான் பார்த்ததில்லை, அவர் காலமான பிறகும்கூட. நீ தவழ்ந்து போய் அந்தக் கவிழ்ந்த சைக்கிளின் பெடலைச் சுற்றுவாய். சக்கரம் ஓடும்போது வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாய். உன் முதல் சைக்கிள் அதுதான்.

உனக்கும் அதே இளைப்பு வந்தபோது நான் பயந்தது நோய்க்கு இல்லை, அப்பா மறுபடி குழாயைத் திறந்துவிடச் சொல்லித் தருவாரோ என்றுதான். உன்னைப் பள்ளியில் சேர்த்த முதல் நாள் நினைவிருக்காது. அத்தனை பெற்றோர் நின்றிருந்த வகுப்பறையில், உன் அப்பா நேராக டீச்சரிடம் போய், நீல இன்ஹேலரை உயர்த்திப் பிடித்து, “மை சன், ஆஸ்துமா. திஸ் ப்ளூ ஒன். எனி டைம் கிவ்” என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் கையை இறக்கவில்லை. தனக்காகச் செய்ய முடியாமல் போனதை உனக்காகச் செய்தார். அதை வீணாக்கிவிடாதே என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அப்பா போனபிறகு நான் என் சொந்த விசாவில் இருக்கிறேன். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் போய், குளிர்ந்த தகட்டில் நெஞ்சை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதெல்லாம் உங்கள் இருவரையும்தான் நினைத்துக்கொள்வேன். பிடித்து வைக்க எனக்கு மூச்சு தாராளமாக இருக்கிறது. உங்களுக்கு ஏன் அளந்து கொடுக்கப்பட்டது என்று தெரியவில்லை.

உன் டாக்டர் சொன்னதைக் கேள். வேண்டியபோது விலக்குக் கேள், வேண்டாதபோது கேட்காதே. உனக்கும் உன் மூச்சுக்கும் அது நியாயமாக இருந்தால் போதும். “அப்புறம் என்ன சொல்வாங்கன்னு பாக்கலாம்” என்றாயே. நீ பார்க்க வேண்டியதில்லை, தம்பி. என்ன சொல்வார்கள் என்று நான் அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

பந்தயத்தன்று ஸ்கூலுக்கு லீவ் போட்டுவிட்டு வருகிறேன். முடிகிற இடத்தில் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்பேன். பந்தயக்காரர்களுக்கு முதுகில் ஒரு பாக்கெட் இருக்கிறதல்லவா, அதில் அந்த நீல இன்ஹேலரை வைத்துக்கொள். துணிக்கு மேலே அதன் தலை தெரிகிற மாதிரி வை. நீ முதலில் வருகிறாயா கடைசியில் வருகிறாயா என்று நான் பார்க்கமாட்டேன். அதைத்தான் தேடுவேன்.

அம்மா